தண்ணீருக்கு ஒரு பாராளுமன்றம்

"பழைய புதுச்சேரிக் கதைகளையும் ஆபீஸ் கதைகளையுமே எழுதுகிறீரே, நீர் படித்த பிரெஞ்சு எதற்குத்தான் பயன்பட்டது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பிரெஞ்சு வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலத்தில் நோட்டுப் போட்டு ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பிரெஞ்சு வேலைக்கு உதவியதைவிட ஓய்வுக்குப் பிறகுதான் அதிகம் உதவியது. அந்நாட்டுச் சட்டங்களை மூலத்திலேயே படிக்கிறேன். மற்றவர்கள் நாவல் படிப்பது போல நான் சட்டம் படிப்பேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

இன்று அப்படிப் படித்த ஒரு சட்டத்தின் வரலாற்றைச் சொல்கிறேன். ஆறும் ஏரியும் கிணறும் கெடாமல் இருக்க எந்த வேலையை முதலில் செய்வது? அதற்கு யார் பணம் தருவது? இந்த இரண்டையும் யார் கூடி உட்கார்ந்து முடிவு செய்வது? மூன்று கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்லப் பார்த்த சட்டம் அது.

முதலில் இந்தக் கேள்விகள் எனக்கு ஏன் முக்கியமாகப் பட்டன என்று சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்துக்கு ஒரு கிராமத்திலிருந்து மனு வந்தது. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிவிட்டது, மாடுகூட வாய் வைப்பதில்லை, பக்கத்துத் தொழிற்சாலைக் கழிவு வாய்க்காலில் கலக்கிறது என்று எழுதி, பலர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருந்தார்கள். மனு ஒவ்வொரு துறையாகப் போனது. வாய்க்கால் என்றால் பாசனம். தொழிற்சாலை என்றால் தொழில் துறை. குடிநீர் என்றால் கொம்யூன் பஞ்சாயத்து. வயிற்றுப்போக்கு என்றால் சுகாதாரம். கிணற்றின் அடியிலுள்ள நீர் வேறொரு பிரிவு. எல்லோரும் பதில் எழுதினார்கள். விதிப்படி பார்த்தால் ஒருவர் பதிலிலும் தவறில்லை. அது தங்கள் பொருள் அல்ல என்பது உண்மைதான். பைல் தடித்துக்கொண்டே போனது, கிணறு தெளியவில்லை. சில வருடம் கழித்து வேறு இடத்திலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். கிணற்றை முள் வெட்டிப் போட்டு மூடிவிட்டார்கள். பைலும் முடிக்கப்பட்டது.

1960 வாக்கில் பிரான்சின் நிலையும் ஏறக்குறைய இதுதான். போருக்குப் பிறகு தொழில் பெருகிக்கொண்டிருந்தது. நகரங்கள் வீங்கின. சாக்கடையும் காகித ஆலைக் கழிவும் சர்க்கரை ஆலைக் கழிவும் ஆற்றிலேயே போய் விழுந்தன. தண்ணீரைப் பற்றிப் பேச உரிமை கொண்ட அமைச்சகங்கள் பல. விவசாயம், தொழில், பொதுப்பணி, சுகாதாரம், உள்துறை என்று ஆளுக்கொரு பக்கம். தண்டனைச் சட்டமும் இருந்தது. செத்த மீனுக்கு அபராதம் போடலாம். ஆனால் ஆறு ஒரு தெபர்த்மானில் கெட்டு இன்னொரு தெபர்த்மானில் நாறும்போது, எந்தப் ப்ரெஃபே யாருக்கு எழுதுவது?

இதை ஆராய அரசு சில பொறியாளர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தது. அவர்களில் முக்கியமானவர் இவான் ஷெரே. அவர்கள் பக்கத்து நாடான ஜெர்மனியைப் பார்த்தார்கள். அங்கே ரூர் நிலக்கரிப் பகுதியில், எம்ஷர் என்ற சிற்றாற்றுக்கு 1899-இலும், ரூர் ஆற்றுக்கு 1913-இலும் கூட்டுறவு அமைப்புகள் ஏற்பட்டிருந்தன. நகராட்சிகளும் சுரங்கங்களும் ஆலைகளும் அதில் உறுப்பினர்கள். அவரவர் ஆற்றுக்குக் கொடுக்கும் சுமைக்கு ஏற்பப் பணம் கட்ட வேண்டும். கட்டுகிறவருக்கு வாக்கு உண்டு. அந்தப் பணத்தில்தான் கால்வாயும் சுத்திகரிப்பு நிலையமும் கட்டினார்கள்.

இதில் ஒரு கசப்பான பாடமும் இருக்கிறது. ரூர் ஆற்றைக் குடிநீருக்கு வைத்துக்கொண்டு, எம்ஷரைத் திறந்த சாக்கடையாகவே விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. எம்ஷருக்குச் சிமெண்டுத் தரையும் கரையும் போட்டு வாய்க்காலாக்கினார்கள். கூடி முடிவெடுத்தவர்கள் சுரங்கக்காரரும் தொழிலதிபரும் நகராட்சியும். எம்ஷர் கரையில் குடியிருந்த தொழிலாளி வீட்டுப் பெண்ணைக் கேட்டிருந்தால் அந்த முன்னுரிமைப் பட்டியல் வேறு மாதிரி இருந்திருக்கும். அந்த ஆற்றைச் சாக்கடையிலிருந்து மீட்கும் பணி 1990-களில் தொடங்கி, முப்பது ஆண்டு கழித்துத்தான் முடிந்தது. செலவு ஐந்து பில்லியன் யூரோவுக்கும் மேல்.

பிரெஞ்சுக்காரர்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டதை 1964 டிசம்பர் 16-ஆம் தேதிச் சட்டமாக்கினார்கள். அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. ஆகவே அந்தச் சட்டம் நம்மைத் தொடவில்லை. நாம் கப்பலைத் தவறவிட்ட பயணி மாதிரி.

சட்டத்தின் முதல் காரியம் எல்லையை மாற்றியது. நாட்டை நிர்வாகப் பிரிவாகப் பார்க்காமல் ஆற்றுப்படுகைகளாகப் பார்த்தது. ஆறு படுகைகள்: சேன்-நொர்மாந்தி, லுவார்-பிரெத்தாஞ், ரோன்-மெதித்தெரானே-கோர்ஸ், அதூர்-கரோன், ரேன்-மேஸ், அர்த்துவா-பிக்கார்தி. மழைத்துளி எந்தப் பக்கம் உருண்டு எந்த ஆற்றில் சேர்கிறதோ அதுவே எல்லை.

இரண்டாவது, ஒவ்வொரு படுகைக்கும் ஒரு கொமித்தே. அதில் மூன்று தரப்புக்கும் சம இடம்: தண்ணீரைப் பயன்படுத்துவோரும் துறை அறிந்தவர்களும் ஒரு பங்கு, உள்ளாட்சிகளின் பிரதிநிதிகள் ஒரு பங்கு, அரசு அதிகாரிகள் ஒரு பங்கு. அதிகாரி மூவரில் ஒருவர்தான்! இதனால்தான் அங்கே இதைப் பேச்சுவழக்கில் தண்ணீர்ப் பாராளுமன்றம் என்கிறார்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு படுகைக்கும் ஒரு பண முகமை. ஆற்றிலிருந்து நீர் எடுப்பவரும் ஆற்றில் கழிவு விடுபவரும் அளவுக்கேற்ப முகமைக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். இதற்குப் பெயர் ரெதெவான்ஸ். எவ்வளவு என்பதற்குக் கொமித்தேயின் சம்மதம் கட்டாயம். வந்த பணம் பாரிஸ் கஜானாவில் போய்க் கரைவதில்லை. அதே படுகையில் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முன்வரும் நகராட்சிக்கும் ஆலைக்கும் மானியமாக, கடனாகத் திரும்பும். எதற்கு முதலில், எதற்குப் பிறகு என்று பல ஆண்டு வேலைத்திட்டம் போட்டு அதன்படி கொடுப்பார்கள். இப்போது அது ஆறாண்டுத் திட்டம். 2025-இல் பன்னிரண்டாவது திட்டம் தொடங்கியிருக்கிறது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த முகமைக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. அனுமதி கொடுப்பதும் ஆலையை மூடுவதும் ப்ரெஃபே கையில்தான் இருந்தன, இருக்கின்றன. பிரம்பு ஒருவர் கையிலும் பணப்பை இன்னொருவர் கையிலுமாகப் பிரித்து வைத்தார்கள். பிரம்பைக் கண்டால் ஒளிகிற ஆலைக்காரர், பணப்பை இருக்கும் அறைக்குத் தானாகவே வந்து உட்கார்ந்தார். கட்டிய பணம் எங்கே போகிறது என்று பார்க்க வந்தவர், கடைசியில் ஆற்றைப் பற்றியும் பேச வேண்டியதாயிற்று.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. ரெதெவான்ஸ் என்பது கட்டணமா, வரியா என்று சண்டை வந்தது. நமக்குப் பழக்கமான சண்டைதான். வரி என்றால் பாராளுமன்றம்தான் விதிக்க வேண்டும். 1982-இல் அரசியலமைப்பு மன்றம் அது வரி வகையைச் சேர்ந்ததே என்று சொல்லிவிட்டது. ஆனாலும் பழைய முறையே ஓடிக்கொண்டிருந்தது. 2006-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தில்தான் பாராளுமன்றம் அடிப்படைகளையும் உச்சவரம்புகளையும் தானே வகுத்துக் கணக்கை நேர் செய்தது. இடையில் 1992-இல் இன்னொரு சட்டம் வந்து, நீர் நாட்டின் பொதுச் சொத்து என்று அறிவித்தது. பெரிய படுகைக்குப் பெருந்திட்டம், சிறிய ஆற்றுக்கு உள்ளூர் நீர்க்குழுவும் சிறு திட்டமும் என்று இரண்டு அடுக்கு ஏற்பட்டது அப்போதுதான்.

இனி அதன் குறையையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு படித்தவன் பிரெஞ்சுக்காரனைப் புகழ்வான் என்று நண்பர்கள் சொல்லக் கூடாது பாருங்கள்.

என் சித்தப்பா மகன் பாரிஸ் புறநகரில் இருக்கிறான். அவன் வீட்டுத் தண்ணீர்ப் பில்லை ஒருமுறை காட்டச் சொன்னேன். அதில் தண்ணீருக்கு ஒரு தொகை, சாக்கடைக்கு ஒரு தொகை, அதன் கீழே முகமைக்கான ரெதெவான்ஸ் தனியாக. "இது எதுக்குன்னு எனக்கே தெரியாதுண்ணே, வருஷா வருஷம் கட்டிக்கிட்டிருக்கோம்" என்றான். அங்கேதான் பிசகு. முகமைகளுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி இப்படிக் குடும்பங்கள் கட்டுவது. விவசாயம் கட்டுவது மிகக் கொஞ்சம். பிரெத்தாஞ் பகுதியில் பன்றிப் பண்ணைகளும் உரமும் பெருகி, ஆற்றில் நைட்ரேட் ஏறியது. கடற்கரையில் பச்சைப் பாசி குவிந்து அழுகியது. 2001-இல் ஐரோப்பிய நீதிமன்றம், பிரெத்தாஞ் ஆறுகளில் நைட்ரேட் வரம்பை மீறியதற்காகப் பிரான்சுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2015-இல் அந்நாட்டுத் தணிக்கை மன்றமும், அசுத்தம் செய்பவரே கட்டட்டும் என்ற கொள்கை சரிவர நடக்கவில்லை, பணம் பெறுகிறவர்களே முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார்கள் என்று கண்டித்தது.

காரணம் தெளிவு. கூட்டத்துக்குத் தயாராக வருகிறவர்கள் சங்கம் உள்ளவர்கள். ஆலைக்குச் சங்கம் உண்டு, விவசாயிக்குப் பலமான சங்கம் உண்டு. பில் கட்டுகிற குடும்பத் தலைவிக்கும், தூண்டில் போடுகிறவருக்கும், ஆற்றங்கரையில் பிறக்கப்போகும் குழந்தைக்கும் யார் சங்கம் வைப்பது? இதையும் மெல்லத் திருத்தினார்கள். இன்று கொமித்தேயில் 40 விழுக்காடு உள்ளாட்சியினரும் மக்கள் பிரதிநிதிகளும், 20 விழுக்காடு அரசு, 20 விழுக்காடு தொழில் விவசாயம் முதலிய பொருளாதாரப் பயனாளர், மீதி 20 விழுக்காடு பொருளாதாரம் சாராத பயனாளர். நுகர்வோர் சங்கம், சுற்றுச்சூழல் சங்கம், மீன்பிடி சங்கம் எல்லாம் அந்தக் கடைசி வகை. நாற்காலிகளை எண்ணி, மறுபடி எண்ணி மாற்றுவதிலேயே ஐம்பது வருடத்துக்கு மேல் போயிருக்கிறது.

பலன் இல்லாமல் போகவில்லை. பாரிஸில் சேன் ஆற்றில் குளிக்க 1923-இலிருந்து தடை. எழுபதுகளில் நகரப் பகுதியில் மூன்றே வகை மீன்தான் மிஞ்சியிருந்தது என்பார்கள். இப்போது முப்பதுக்கும் மேல். 2024 ஒலிம்பிக்கில் வீரர்கள் அதில் நீந்தினார்கள். மழை பெய்து சாக்கடை கலந்ததால் ஒரு போட்டியை மறுநாளுக்குத் தள்ளியதும் உண்மை. 2025 ஜூலையில் பொதுமக்களுக்கும் மூன்று இடங்களில் திறந்துவிட்டார்கள். கடைசிக் கட்ட வேலைக்கு மட்டும் ஏறக்குறைய 1.4 பில்லியன் யூரோ செலவு. அதில் சேன்-நொர்மாந்தி முகமையின் பணமும் உண்டு, அதாவது என் தம்பி பில்லில் கட்டிய சில்லறையும் உண்டு.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

பிரெஞ்சுச் சட்டத்துக்குப் பத்து வருடம் கழித்து, 1974-இல் நம் பாராளுமன்றம் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நல்ல சட்டம். மாநில வாரியத்தின் கடமைகளை வரிசையாகச் சொல்லும் 17-ஆவது பிரிவில் முதல் கடமை என்ன தெரியுமா? மாநிலத்தின் ஓடைகளையும் கிணறுகளையும் காக்க ஒரு முழுமையான திட்டம் தீட்டி, அது நிறைவேறும்படிச் செய்வது. கிணறு என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது! ஆனால் நடைமுறையில் வாரியங்களின் நேரத்தை விழுங்கியது 25-ஆவது பிரிவு. அதாவது கழிவு விட அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்கள். விண்ணப்பத்துக்குக் காலக்கெடு உண்டு, திட்டத்துக்கு இல்லை. குமாஸ்தாவாக இருந்தவர்களுக்குத் தெரியும், கெடு உள்ள பைல்தான் முதலில் நகரும்.

வாரியத்தில் யார் யார்? தலைவர், அரசு அதிகாரிகள் ஐந்து பேர் வரை, உள்ளாட்சி உறுப்பினர் ஐந்து பேர் வரை, அரசு நிறுவனங்களின் சார்பில் இரண்டு பேர், உறுப்பினர்-செயலர். விவசாயம், மீன்பிடி, தொழில், வணிகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அரசு சாராதவர் மூன்று பேர் வரை. ஆகப் பதினேழு. அந்த மூன்று பேரையும் அரசே நியமிக்கும். மூன்று நாற்காலியில் உழவரும் மீனவரும் ஆலையும் கடையும் உட்கார வேண்டும்.

பணமும் வேறு வழியில் போனது. 1977-இல் தண்ணீர் செஸ் சட்டம் வந்தது. ஆயிரம் லிட்டருக்குப் பைசாக் கணக்கில்தான் வீதம். மாநில வாரியம் வசூலித்து மத்திய அரசின் தொகுப்பு நிதிக்கு அனுப்பும், அங்கிருந்து ஒரு பகுதி வாரியத்துக்குத் திரும்பும். எந்த ஆற்றின் பெயரில் வாங்கினார்களோ அந்த ஆற்றுக்கும் அந்தப் பணத்துக்கும் தொடர்பு இல்லை. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அதையும் எடுத்துவிட்டார்கள்.

கூடிப் பேச இடம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? கோர்ட்டுக்குப் போனார்கள். பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தபோது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. அசுத்தம் செய்பவரே விலை கொடுக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் அழுத்தமாகச் சொன்னார்கள். பிரான்ஸ் சட்டமாக எழுதி 32 வருடம் ஆகியிருந்தது. நொய்யலிலும் அதே கதை. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. கீழ்ப்பகுதி விவசாயிகள் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. விவசாயி அதற்குள் பல வருட விளைச்சலை இழந்திருந்தார். பட்டறையில் வேலை பார்த்த கூலித் தொழிலாளி ஒரே நாளில் பிழைப்பை இழந்தார். 1992-லேயே ஒரே அறையில் உட்கார்ந்து பேசியிருந்தால் இருவரும் இழந்தது குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். நீதிமன்றம் நியாயம் வழங்கும். ஆனால் எந்த ஊருக்கு முதலில் சுத்திகரிப்பு நிலையம், எதற்கு எவ்வளவு பணம் என்ற பட்டியலை வருடா வருடம் போட்டுக்கொண்டிருக்க அதனால் ஆகாது.

அலுவலக மொழியில் இப்போது 'பங்குதாரர் கலந்தாய்வு' என்று ஒரு சொல் புழங்குகிறது. எங்கள் ஊர்க்காரருக்குப் பங்குதாரர் என்றால் சீட்டுக் கம்பெனிதான் ஞாபகம் வரும். கூட்டம் போட்டு, டீ கொடுத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினால் அது முடிந்துவிடுகிறது. வாக்கும் இல்லை, பணத்தின் மேல் பிடியும் இல்லை. பிரெஞ்சுக் கொமித்தேயில் வருகைப் பதிவேட்டோடு வாக்குச் சீட்டும் உண்டு. வித்தியாசம் அங்கேதான்.

கடைசியாக நம் புதுச்சேரி. நம்மிடம் தனி வாரியம் இல்லை. யூனியன் பிரதேசங்களுக்கு மத்திய வாரியமே மாநில வாரியம். அதன் அதிகாரம் பெற்ற குழுமம்தான் இங்கே வேலை செய்கிறது. ஆனால் நம் தண்ணீர் நம்முடையது மட்டும் அன்று. சங்கராபரணி செஞ்சிப் பக்கத்து மலைகளிலிருந்து வருகிறது. தென்பெண்ணை கர்நாடகத்தில் பிறந்து தமிழ்நாட்டைக் கடந்து நம் பாகூர்ப் பக்கம் கடலைத் தொடுகிறது. ஊசுட்டேரியின் நீர்ப்பரப்பே பாதி இங்கே, பாதி வானூர்ப் பக்கம். கொக்கும் நாரையும் எல்லைக்கல் பார்த்து இறங்குவதில்லை.

சட்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 13-ஆவது பிரிவில் கண் நின்றது. அண்டை மாநிலங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு கூட்டு வாரியம் அமைக்கலாம். ஒரு யூனியன் பிரதேசத்துக்காக மத்திய அரசும், அதை ஒட்டிய மாநில அரசும் சேர்ந்தும் அமைக்கலாம் என்று அதிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. 1974-இலிருந்து அங்கேயே இருக்கிறது. புதுச் சட்டம் வேண்டாம், பாரிஸிலிருந்து ஆள் வேண்டாம். செஞ்சி விவசாயி, வில்லியனூர் ஆலைக்காரர், நோணாங்குப்பத்து மீனவர், இரண்டு அரசின் அதிகாரிகள், கொம்யூன் பஞ்சாயத்துக்காரர் எல்லோரும் ஒரு படுகைக்காக உட்கார இடம் சட்டத்திலேயே இருக்கிறது. மூன்று நாற்காலியை ஏழெட்டாக்கச் சட்டத் திருத்தம் வேண்டும். அதைப் பின்னால் பார்க்கலாம். கிடைத்ததை வைத்து முதல் கூட்டத்தைப் போடலாமே. அன்றைய நிகழ்ச்சிநிரலில் முதல் வரியாக ஒன்றை மட்டும் எழுதினால் போதும்: இந்தப் படுகையில் கெட்டுப்போன கிணறுகள் எத்தனை, எங்கெங்கே.

சங்கராபரணிக் கரையில் வளர்ந்த வாசகர்கள் இருந்தால், உங்கள் சிறுவயதில் அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது, எந்த வருடத்திலிருந்து மாறியது என்று எழுதுங்கள். தொகுத்துப் போடுகிறேன்.